மின்கிதாரும் கணிப்பொறியும்: கீர்த்தனைப் பயிற்சிக்கு ஒரு விளக்கம்

தாமிரபரணிக் கரையிலுள்ள சேகரங்களில் ஊழியஞ் செய்கிறவர்களில் பலர் கண்டிருக்கக்கூடிய நிலை ஒன்றுண்டு. ஆலயத்தின் முன்வரிசையில் ஆர்மோனியத்திற்கு அருகில் அமர்ந்திருக்கும் முதியவர் கீர்த்தனைகளைப் புத்தகம் பாராமலே பாடுவார். அவருக்குப் பின்னால் மின்கிதாரோடு நிற்கும் வாலிபர் புதிய பாடல்களை நன்றாகவே வாசிப்பார். கீர்த்தனை அறிவிக்கப்பட்டதும் கையை எடுத்துவிடுவார், அல்லது கார்ட் எனப்படும் சுரக்கூட்டுகளில் தமக்குத் தெரிந்த மூன்றையே திரும்பத் திரும்ப மீட்டுவார். புத்தகத்தில் பாட்டின் தலைப்பில் இராகமும் தாளமும் அச்சிடப்பட்டிருக்கின்றன. மெட்டோ முதியவரின் தொண்டையில் இருக்கிறது. வேதநாயகம் சாஸ்திரியார் 1774-இல் பிறந்தது நம் திருநெல்வேலியிலேதான். அப்படியிருந்தும் அவர் வழிவந்த கீர்த்தனை மரபு நம் வாலிபரின் விரல்களுக்கு எட்டாமல் நிற்கிறது. இந்த இடைவெளியைக் குறைக்க, வீட்டிலிருக்கும் கணிப்பொறியோடு மின்கிதாரை இணைத்துப் பயிலும் முறை உதவுமென்று நாம் கருதுவதால், அதன் இயக்கத்தையும் அதிலுள்ள இடறல்களையும் இங்கே விளக்க முற்படுகிறோம்.

மின்கிதார் கீர்த்தனைக்கு அந்நியமல்லவா என்று கேட்போர் உண்டு. பிடிலும் ஒரு காலத்தில் அந்நியமாகவே இருந்தது. முத்துசாமி தீட்சிதரின் இளவல் பாலுசாமி தீட்சிதர் ஐரோப்பியரிடம் பிடில் கற்று, அதைக் கருநாடக இசைக்குப் பழக்கி, பின்பு எட்டயபுரம் சமஸ்தானத்தில் வித்துவானாக விளங்கினார். எட்டயபுரம் அந்நாளில் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்ததே. நம் காலத்திலும் மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் (1969–2014) மின்மாண்டலினில் கமகங்களை எவ்விதக் குறையுமின்றி வாசித்துக் காட்டினார். ஆர். பிரசன்னா மின்கிதாரிலேயே அதைச் செய்து வருகிறார். ஆகவே குறை கருவியில் இல்லை, பயிற்சியில் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் சேரன்மாதேவிக்கு மேற்கே ஒரு சிற்றூரில் நாம் கண்டதைச் சொல்லவேண்டும். உபதேசியாரின் மகன் கிதாரின் கம்பிவடத்தை ஓர் இணைப்பானின் உதவியால் மடிக்கணிப்பொறியின் ஒலிவாங்கித் துளையில் செருகியிருந்தான். கருவியின் ஓசை போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கி வந்தது. அவன் மீட்டிய சுரமோ விரல் எடுத்த பின்னரே காதில் விழுந்தது. இரண்டு மாதம் இப்படிப் பயின்றவன், “ஐயா, எனக்குத் தாள ஞானமே இல்லை போலிருக்கிறது” என்று சொல்லிக் கருவியைப் பரண்மேல் ஏற்றிவிட்டான். அவனிடம் தாளக்குறை எதுவும் இல்லை. பொறியின் குறையைத் தன் குறையென்று எண்ணிவிட்டான். இக்கட்டுரை எழுத நம்மைத் தூண்டியதும் அதுவே.

மங்கலுக்குக் காரணம் என்ன? மின்கிதாரின் கம்பிகளுக்குக் கீழே காந்தமும், அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகளாக மெல்லிய செப்புக்கம்பியும் இருக்கின்றன. எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது. செப்புச்சுருளில் மின்னோட்டம் பிறக்கிறது. 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த தத்துவம் இதுவே. (ஃபாரடே லண்டனில் சாண்டமேனியன் என்னும் சிறு சபையின் மூப்பராகவும் இருந்தவர் என்பதை மாணவர் அறிவது நலம்.) இப்படிப் பிறக்கும் மின்சைகை மிக மெலிந்தது. கன்னடியன் கால்வாயின் நீர்மட்டத்தை அளக்க விரும்புகிறவன் ஒரு கோலை நட்டுப் பார்க்கவேண்டுமேயன்றி, மடையைத் திறந்துவிடலாகாது. திறந்தால் அளக்கப் போன மட்டமே இறங்கிவிடும். சாதாரண ஒலிவாங்கித் துளை திறந்த மடை போன்றது. அதன் மின்மறிப்பு சில ஆயிரம் ஓம் அளவே. கிதாருக்கோ ஏறத்தாழ பத்து இலட்சம் ஓம் மறிப்புள்ள வாயில் தேவை. மறிப்பு குறைந்தால் உயர்ந்த ஒலிகளே முதலில் கெடும்; எனவேதான் போர்வைக்குள்ளிருந்து வரும் ஓசை.

இதற்கெனச் செய்யப்பட்ட சிறு பெட்டியை ஆடியோ இன்டர்ஃபேஸ் என்பர். அதில் கிதாருக்குரிய துளையோ, ‘இன்ஸ்ட்ருமென்ட்’ என்று குறிக்கப்பட்ட பொத்தானோ இருக்கிறதா என்பதையே வாங்குமுன் பார்க்கவேண்டும். மற்றச் சிறப்புகள் பயிற்சிக்கு அவ்வளவு முக்கியமல்ல. பெட்டி மின்சைகையை வினாடிக்கு 44,100 அல்லது 48,000 முறை அளந்து எண்களாக்கி, யூஎஸ்பி வடத்தின் வழியாகக் கணிப்பொறிக்கு அனுப்புகிறது. அளவுத்திருகை மிகுதியாகத் திருகினால் அலையின் உச்சி வெட்டுண்டு கரகரக்கும். மிகப் பலமாக மீட்டும்போதும் சிவப்பு விளக்கு எரியாதபடி வைத்துக்கொண்டால் போதும்.

இனித் தாமதத்திற்கு வருவோம். இதைத் தெளிவாக அறிந்துகொள்வது அவசியம். கணிப்பொறி எண்களை ஒவ்வொன்றாகக் கையாளுவதில்லை. கட்டுக்கட்டாகச் சேர்த்தே கையாளுகிறது. ஒரு கட்டுக்கு 256 எண்கள், வினாடிக்கு 48,000 அளவீடுகள் என்று வைத்தால், ஒரு கட்டு நிரம்ப வினாடியில் ஆயிரத்தில் ஐந்து பங்குக்குச் சற்று மேல் ஆகும். உள்ளே வர ஒரு கட்டு, வெளியே போக ஒரு கட்டு, பெட்டியின் சொந்தத் தாமதம் என்று எல்லாம் சேர்ந்து ஆயிரத்தில் பத்துப் பதினைந்து பங்கு ஆகலாம். ஒலி காற்றில் வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்வதால், ஆயிரத்தில் பத்துப் பங்கு என்பது மூன்றரை மீட்டருக்கு அப்பால் வைத்த ஒலிபெருக்கியைக் கேட்பதற்குச் சமம். அதைக் கை பொறுத்துக்கொள்ளும். ஆனால் தாமதம் பத்திலொரு பங்கு வினாடியானால், கருவி முப்பத்துநான்கு மீட்டருக்கு அப்பால் ஒலிப்பதுபோலாகும். நீண்ட ஆலயத்தில் பின்வரிசைச் சபையார் பாடகர் குழுவுக்குப் பின்தங்கிப் பாடுவதைப் பாளையங்கோட்டை ஊசிக்கோபுர ஆலயம் போன்ற பெரிய ஆலயங்களில் ஆராதனை நடத்தியவர்கள் அறிவார்கள். உபதேசியார் மகன் அந்தப் பின்வரிசையில் தன்னந்தனியாக நின்று வாசித்தான் என்று சொல்லலாம்.

இதற்குப் பரிகாரங்கள் உண்டு. விண்டோஸ் கணிப்பொறியில் ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1997-இல் வெளியிட்ட ஆசியோ முறையில் இயங்கும் இயக்கியைப் பெட்டியின் உற்பத்தியாளரிடமிருந்தே பெற்று நிறுவவேண்டும். பின்பு கட்டின் அளவை 256 அல்லது 128 ஆகக் குறைக்கலாம். மேலும் குறைத்தால் பழைய பொறி திணறி வெடிப்பொலி எழுப்பும். சில பெட்டிகளில் ‘டைரக்ட் மானிட்டர்’ என்னும் பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் கிதாரின் ஓசை கணிப்பொறிக்குள் சென்று திரும்பாமல் நேரே செவிப்பொறிக்கு வரும். ஓசைக்கு அலங்காரம் கிட்டாது, ஆயினும் தாமதமும் இராது. கீர்த்தனை பயில அதுவே போதும் என்பது நம் எண்ணம். வடமில்லாத ப்ளூடூத் செவிப்பொறி இதற்கு அறவே உதவாது. மற்றெல்லாம் சரியாக அமைத்தாலும் அது ஒன்றே தாமதத்தைத் திரும்பக் கொண்டுவந்துவிடும்.

மின்சாரத்தைப்பற்றியும் ஒரு சொல். நம் பக்கத்துப் பழைய வீடுகள் சிலவற்றில் மூன்று துளைச் செருகியின் மூன்றாம் துளை பெயருக்கே இருக்கும். பூமியோடு தொடர்பு இராது. அங்கே கிதார் ஓயாமல் ‘உம்’மென்று இரையும்; கம்பியைத் தொட்டால் இரைச்சல் அடங்கும். மின்னேற்றியைப் பிடுங்கிவிட்டுக் கணிப்பொறியின் மின்கலத்தில் வாசித்தால் பெரும்பாலும் குறையும். கம்பியிலோ ஒலிவாங்கியிலோ சுருக்கென்று அதிர்ச்சி தட்டினால் அது இரைச்சல் விஷயமல்ல, உயிர் விஷயம். மின்பணியாளரை அழைத்து எர்த் இணைப்பைச் சரிபார்க்கும் வரை கருவியைத் தொடலாகாது. ஆலயத்திலும் இந்தச் சோதனை வேண்டும்.

இவ்வளவும் ஆயத்தமே. பயிற்சி எப்படி நடக்கவேண்டும்? முதியவரை அவர் வீட்டிலேயே அமர்த்தி, அவருடைய சம்மதத்தோடு, ஆர்மோனியமின்றிச் சுருதியை மட்டும் வைத்து ஒரு கீர்த்தனையைப் பாடச்செய்து பதிவு செய்க. கைபேசிப் பதிவே போதும். அதைக் கணிப்பொறியில் ஏற்றினால், ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருள், சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் பாதியாக்கித் தரும். பழைய ஒலிநாடாவில் வேகத்தைக் குறைத்தால் குரலும் இறங்கிவிடும். அந்தத் தொல்லை இதில் இல்லை. மெதுவாகக் கேட்கும்போது முதியவர் ஒரு சுரத்திலிருந்து மறு சுரத்திற்குக் குதிக்கவில்லை, வழுக்கிச் செல்கிறார் என்பது புலனாகும். கிதாரின் கட்டைகள் அரைச்சுர இடைவெளியில் அமைந்தவை. ஆகவே வாலிபர் கம்பியைப் பக்கவாட்டில் இழுத்தோ, விரலைச் சறுக்கியோ அந்த வழுக்கலைத் தேடிப் பிடிக்கவேண்டும். சங்கராபரணத்தில் அமைந்த கீர்த்தனைகளில் தொடங்குவது எளிது; அதன் சுரங்கள் மேனாட்டு மேஜர் வரிசையின் சுரங்களே. ஆனந்தபைரவி கைவர ஆண்டுகள் ஆகும். அதற்குமுன் அதன்மேல் சுரக்கூட்டுகளை அடுக்குவதைவிட ஆதார சுருதியை மாத்திரம் மீட்டி நிற்பது மேல்.

பின்பு தம் வாசிப்பையும் இரண்டாம் தடத்தில் பதிவுசெய்து, முதியவரின் குரலோடு சேர்த்துக் கேட்கவேண்டும். இது கசப்பான வேலை. வாசிக்கும்போது சரியாகத் தோன்றியது கேட்கும்போது அப்படி இராது. நாமே ஒருமுறை நம் பாட்டைப் பதிவுசெய்து கேட்டு, ஒரு வாரம் பாடாதிருந்தோம். எனினும் இவ்வளவு நேர்மையான ஆசிரியரைத் திருநெல்வேலி நகரத்திலும் தேடியலையவேண்டும்.

மென்பொருள்களில் நூறுவகை ஒலிபெருக்கிகளின் ஓசையைப் போலச் செய்து காட்டும் வசதிகள் உள்ளன. வாலிபர் மாலை முழுவதையும் அவற்றைத் திருகிப் பார்ப்பதிலேயே கழித்துவிடுவதைக் கண்டிருக்கிறோம். அவற்றை வேண்டாமென்று நாம் தடுப்பதில்லை. அன்றைய பல்லவியை முடித்தபின் பார்க்கட்டும் என்கிறோம்.

உபதேசியார் மகனுக்கு வாடகைக்கு ஒரு பெட்டி கிடைத்தது. பரணிலிருந்து கிதார் இறங்கியது. முதியவரின் பதிவுகள் ஒவ்வொன்றின் பெயரிலும் பாட்டின் முதலடி, பாடியவர் பெயர், ஊர், தேதி ஆகியவற்றை அவன் எழுதிவருகிறான். ஒரு பிரதி சேகர அலுவலகத்தில் இருக்கிறது. இதுவரை பதினொரு கீர்த்தனைகள் சேர்ந்துள்ளன. அவற்றில் இரண்டின் மெட்டு, அடுத்த ஊரில் பாடப்படும் மெட்டோடு ஒத்துப்போகவில்லை. அந்த ஊர் மூதாட்டியையும் பதிவுசெய்ய வரும் சனிக்கிழமை போகிறான்.