சென்ட் பாட்டிலுக்குள் ஒரு பூக்கூடை

ஹாஸ்டலில் யாராவது ஒருத்தர் 'பாடி ஸ்ப்ரே' அடித்தால் வராந்தா முழுக்க மூச்சு முட்டும். இரண்டு மணி நேரம் கழித்து முகர்ந்து பாருங்கள், ஒன்றுமே இருக்காது! நூறு வருஷத்துக்கு முந்தைய சென்ட் அப்படியில்லை. காலையில் ஒரு வாசம், மத்தியானம் ஒரு வாசம், மறுநாள் துணியில் இன்னொரு வாசம். அந்தப் பழைய பாணியிலேயே தனி ஆளாக, கொஞ்சங் கொஞ்சமாகச் சென்ட் செய்கிறவர்கள் இன்றைக்கும் சில நாடுகளில் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி எழுதத்தான் இந்தப் பக்கத்தை மலர்க்குழுவிடம் கேட்டு வாங்கினேன்.

கெமிக்கல் பிரிவுக்காரிக்கு இது எதுக்கு என்று கேட்காதீர்கள். எங்கள் ஊர் சத்தியமங்கலம் பக்கம். அம்மா பூப்பறிக்கக் கூலிக்குப் போகிறவர். விடியுமுன்னே நெற்றியில் லைட் கட்டிக்கொண்டு மல்லிகைக் காட்டுக்குள் இறங்கிவிடுவார். முகூர்த்தம் என்றால் விலை ஏறும். வரத்து கூடி விலை சரிந்தால் மிச்சப் பூ சென்ட் கம்பெனிக்குப் போகும். "இன்னைக்குக் கம்பெனிக்குத்தான்" என்று அம்மா சொன்னால், அந்த வாரம் கையில் காசு இழுபறி என்று அர்த்தம். அங்கே போய் அந்தப் பூ என்ன ஆகிறது என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. எங்கள் வீட்டில் முதன்முதலாகக் காலேஜ் படியேறிய எனக்கே, சால்வென்ட் எக்ஸ்ட்ராக்‌ஷன் பாடம் நடத்தியபோதுதான் விளங்கிற்று.

மல்லிகையை நீராவியில் வடித்தால் பூ வெந்து வாசம் கெட்டுவிடும். அதனால் ஹெக்சேனில் ஊறவைக்கிறார்கள். குண்டுமல்லி மொட்டாகத்தான் வரும். அது விரியும்வரை காத்திருந்துதான் கலத்தில் கொட்டுவார்கள். ஹெக்சேன் சுமார் 69 டிகிரியில் கொதித்துப் போய்விடும். மிஞ்சுவது மெழுகு மாதிரி ஒரு பொருள், அதற்குப் பெயர் 'கான்க்ரீட்' (சிவில் நண்பர்கள் மன்னிக்க!). அதை ஆல்கஹாலில் கரைத்து, குளிரவைத்து, மெழுகை வடிகட்டி, ஆல்கஹாலையும் நீக்கினால் 'அப்சல்யூட்'. 1000 கிலோ பூவுக்கு ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ தேறினால் அதிகம்.

பழைய சென்ட் என்றாலே முழுக்க இயற்கை என்று நினைப்பது தப்பு. 1868-ல் வில்லியம் பெர்கின் கூமரினை லேபில் தயாரித்தார். அதைப் போட்டு 1882-ல் 'ஃபூஜேர் ராயால்' என்ற சென்ட் பிரான்சில் வந்தது. பிறகு 1917-ல் பிரான்சுவா கோட்டியின் 'ஷிப்ர்', 1919-ல் கெர்லானின் 'மிட்சூகோ', 1921-ல் எர்னஸ்ட் போ செய்த 'ஷனேல் நம்பர் 5'. இதெல்லாம் பூச்சாறும் லேப் சரக்கும் கலந்தவைதான். கூட நம்ம வெட்டிவேரையும் இந்தக் காலத்து சென்ட்டுகளில் பார்க்கலாம். பிரெஞ்சுக்காரன் அதை 'வெட்டிவேர்' என்றேதான் சொல்கிறான், தமிழிலிருந்து போன சொல்!

ஷிப்ர் வகைக்கு அடித்தளம் ஓக் பாசி. பாசி என்றாலும் உண்மையில் மரத்தில் வளரும் லைக்கன். அதிலுள்ள அட்ரனால், குளோரோஅட்ரனால் இரண்டும் சிலருக்குத் தோல் அலர்ஜியைத் தரும். 2017-ல் ஐரோப்பிய ஒன்றியம் இரண்டுக்கும் தடை போட்டது. 2021 ஆகஸ்ட் முதல் அவை கலந்த சரக்கை அங்கே விற்கவே கூடாது. தோலுக்கு நல்லதுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் இப்படிப்பட்ட விதிகளாலும் விலையாலும் பழைய பார்முலாக்கள் மாறிக்கொண்டே வந்தன. அந்த வாசத்தை மறக்க முடியாதவர்கள்தான் சின்ன அளவில் செய்கிறவர்களைத் தேடிப் போகிறார்கள். சுவிட்சர்லாந்தின் ஜூரிச் நகரில் ஆண்டி டாவர் என்று ஒருவர், கெமிஸ்ட்ரி படித்தவர். 2005-ல் அவர் வெளியிட்ட பாலைவன வாசம் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. அமெரிக்காவில் பெர்க்லியில் மாண்டி ஆஃப்டல் என்ற அம்மையார், இயற்கைச் சரக்கை மட்டும் வைத்தே செய்கிறார்.

ஏன் சின்ன அளவு? பெரிய கம்பெனிக்கு லட்சம் பாட்டிலும் ஒரே வாசமாக இருக்கவேண்டும். பூவோ வருஷத்துக்கு வருஷம், மழைக்கு மழை மாறும். வீட்டு ஊறுகாய் மாதிரி "இந்தத் தடவை கொஞ்சம் வேற மாதிரிதான்" என்று சின்னவர் சொல்லிவிடலாம். கலந்த சென்ட்டை வாரக்கணக்கில் இருட்டில் ஊறப்போடவும் அவருக்குப் பொறுமை உண்டு. நம் பாடத்தில் வருகிற 'பேட்ச் பிராசஸ்' அப்படியே இதுதான்!

இன்னொரு ரகசியம். மல்லிகையில் இண்டோல் என்று ஒரு பொருள் இருக்கிறது. தனியாக எடுத்து முகர்ந்தால் பாச்சை உருண்டை நெடி, அதைவிட மோசமாகவும் சொல்வார்கள்! பூவுக்குள் துளியளவு இருக்கும்போதுதான் மல்லிகை மல்லிகையாக இருக்கிறது. இன்று கடைகளில் விற்கும் பல சென்ட்டுகளில் இதைக் குறைத்து 'சுத்தமாக' ஆக்கிவிடுகிறார்கள். பழைய பாணிக்காரர்கள் அதை விடுவதில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. பிரான்சின் கிராஸ் நகரில் முன்பு கண்ணாடிப் பலகையில் கொழுப்பைத் தடவி, அதன்மேல் பூவைப் பரப்பி வாசம் எடுத்தார்கள். பறித்த பிறகும் மல்லிகை வாசத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்குமாதலால் அதற்கு இது தோதான முறை. லீவில் நானும் இரண்டு ஜன்னல் கண்ணாடியில் டால்டா தடவி ஆரம்பித்தேன். முதல் தடவை பனி ஈரத்தோடு பூவை வைத்து எல்லாம் பூஞ்சை பிடித்துவிட்டது. மறுதடவை துணியில் ஒற்றிவிட்டு வைத்தேன், தினம் சாயந்திரம் பூ மாற்றினேன், பன்னிரண்டு நாள். ஆல்கஹாலில் கழுவ லேபில் கேட்டேன். ஸ்டாக் ரிஜிஸ்டரைக் காட்டி, கிடையாது என்றார்கள், நியாயம்தான். ஆகவே கொழுப்பாகவே ஒரு பவுடர் டப்பாவில் வழித்து வைத்தேன்.

அம்மா முகர்ந்து பார்த்தாங்க. "இது தலையில வெக்கற பூ வாசம் இல்ல கண்ணு. ராத்திரி பூரா மூடி வெச்ச கூடையத் தொறந்தா அடிக்குமே, அது" என்றாங்க. இண்டோல் என்ற பேர் தெரியாது, மூக்குக்குத் தெரிந்திருக்கிறது.

"எத்தனை பூ போச்சு?"

"ஒன்றரைக் கிலோ இருக்கும்மா."

"எனக்கு ரெண்டு மணி நேர வேலை" என்று சொல்லிவிட்டு, விரலால் கொஞ்சம் எடுத்து, முள்ளும் காம்பும் கீறிய தன் கையில் தடவிக்கொண்டு மறுநாள் பறிப்புக்குப் படுக்கப் போய்விட்டாங்க.

– இரண்டாம் ஆண்டு மாணவி, வேதிப் பொறியியல் பிரிவு