ஆவணியும் தங்கவயலும்

கோலார் தங்கவயலுக்குச் செல்லும் நம்மவர், ஷாப்ட்டுகளின் இரும்புக் கோபுரங்களையும் ஆங்கிலேயர் பங்களாக்களையும் கண்டு திரும்பிவிடுகின்றனர். சற்று வடக்கே, முள்பாகல் வட்டத்தில், ஆவணி என்னும் சிற்றூர் உள்ளது. இராமன், இலக்குமணன், பரதன், சத்துருக்கனன் ஆகிய நால்வர் பெயராலும் சிவாலயங்கள் அமைந்த ஊர் அது. நொளம்ப மன்னர் காலத்துக் கற்றளிகள் அவை. சீதை லவகுசரை ஈன்ற இடம் இவ்வூரே என்பர். சிற்ப அழகில் இலக்குமணன் பெயரால் அமைந்த கோயிலே முதன்மையானது எனக் கருதுகிறோம். திரிபுவனகர்த்தர் என்னும் துறவி நாற்பது ஆண்டுகள் இவ்வூரை ஆண்டு, ஐம்பது கோயில்களையும் இரண்டு பெரிய ஏரிகளையும் அமைத்தார் என்கிறது கல்வெட்டு. மழை குறைந்த இச்சீமையில் கோயிலினும் ஏரியே பெரிய தருமம் போலும்!

இக்கோயில்களை இந்தியத் தொல்லியல் துறை காத்து வருகிறது. தங்கவயலின் கதை வேறு. 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் அங்குப் பணி தொடங்கியபின், வடஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழர் திரளாகச் சென்றனர். காலப்போக்கில் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே ஆழ்ந்தது. 2001இல் அது மூடப்பட்டது. அத்தொழிலாளர் வாழ்ந்த லைன் வீடுகளில் அவர்தம் பெயரைச் சொல்லும் கல்வெட்டு ஏதுமில்லை. ஆதலின், ஆவணியிலிருந்து திரும்புங்கால் அந்த லைன்களிலும் சிறிது நடந்து, எந்த ஷாப்ட்டில் எத்தனை ஆண்டுகள் இறங்கினர் என முதியோரிடம் கேட்டறிந்து வரலாம்.