உங்க சைக்கிள் எங்கே பாஸ்?

பிளஸ் ஒன் படிக்கும்போது உங்ககிட்ட ஒரு சைக்கிள் இருந்துச்சு இல்லையா? அது இப்போ எங்கே?

கொல்லைப்புறத்தில், ரெண்டு டயரும் காத்து இறங்கி, செயின் துருப்பிடிச்சு, கேரியரில் துணி காய்ஞ்சுக்கிட்டு... கரெக்டா? கூச்சப்படாதீங்க, பல வீடுகளில் இதே கதைதான். கவுன்சலிங் முடிஞ்சு காலேஜ் சீட் கிடைச்ச அன்னிக்கே நாம சைக்கிளுக்கு டி.சி. கிழிச்சுக் கொடுத்துடுறோம். அப்புறம் அப்பாவிடம் பைக் கேட்டு உண்ணாவிரதம்!

ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் தூக்கத்தைத் தியாகம் பண்ணிட்டு, காலை ஐந்து மணிக்கு சென்னை ஈ.சி.ஆர். பக்கம் போய்ப் பாருங்க. தலையில் ஹெல்மெட், பின்னால் மினுக் மினுக்கென்று சிவப்பு லைட்... மாமல்லபுரம் திசையில் வரிசையாக சைக்கிள்கள் பறக்கும். ஓட்டுறவங்க யாரு? மெடல் வாங்கின வீரர்களா? அதுதான் இல்லை. பேங்க் ஊழியர், ஐ.டி. ஆசாமி, டீச்சர், ரிட்டயர்டு அங்கிள், ரெண்டு பிள்ளைகளுக்கு அம்மா. சைக்கிள் ஓட்டி ஒத்தைப் பைசா சம்பாதிக்காத, பக்கா அமெச்சூர்கள்.

டீக்கடையில் நிற்கும்போது, "எப்படி சார் இதுக்குள்ள வந்தீங்க?" என்று ஒரு கேள்வியைப் போட்டால் போதும். டீ ஆறிப்போகும், கதை ஆறாது! அப்படிக் கேட்ட வரையில் புரிந்த விஷயம் ஒன்றுதான். இவர்களில் யாரும் ஸ்போர்ட்ஸ் கோட்டா வழியாக, கோச் கையைப் பிடித்துக்கொண்டு மெயின் கேட்டில் நுழையவில்லை. ஆளுக்கொரு சைடு கேட். அந்த கேட்கள் சிலவற்றை நீங்களும் எட்டிப் பாருங்க.

முதல் கேட்: குரங்குப் பெடல்

நாற்பதைத் தாண்டிய யாரைக் கேட்டாலும் கதை வாடகை சைக்கிள் கடையில்தான் ஆரம்பிக்கும். மணிக்கணக்கில் வாடகை. சீட்டில் உட்கார்ந்தால் கால் எட்டாது. அதனால் பாருக்குக் கீழே காலை நுழைத்து, உடம்பை ஒரு பக்கமாகச் சாய்த்து, பாதிப் பாதியாக மிதிக்கிற குரங்குப் பெடல். முழங்கால் சிராய்ப்புதான் லைசென்ஸ். ஒரு மணி நேரம் முடிவதற்குள் கடைக்குத் திரும்ப வேண்டும் என்பதால், இவர்களில் பலருக்கு ஸ்டாப் வாட்ச் வைத்த முதல் ரேஸும் அதுதான்!

நம்ம தலைமுறைக்கு அந்த வாடகைக் கடை கிடையாது. அதற்குப் பதிலாக நமக்குக் கிடைத்தது அரசு கொடுத்த சைக்கிள். 2001 வாக்கில் தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பு மாணவிகளுக்காக ஆரம்பித்த திட்டம், சில வருஷங்களிலேயே அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பிளஸ் ஒன் மாணவ, மாணவிகள் எல்லாருக்கும் என்று விரிந்தது. அதாவது, இந்த விளையாட்டுக்குத் தேவையான முதல் கருவி நம்மில் பல பேர் வீட்டில் ஏற்கெனவே இருக்கு. கிரிக்கெட் ஆட ஆசைப்படுறவனுக்கு அரசாங்கமே பேட் கொடுத்த மாதிரி. நாம அதை வச்சு என்ன பண்ணினோம்? துணி காயப் போட்டோம்.

இரண்டாவது கேட்: புதுக்கோட்டை ஸ்டைல்

கேர்ள்ஸ், இது உங்களுக்கு. 'பொண்ணுங்க சைக்கிள் ரேஸா?' என்று யாராவது உதட்டைப் பிதுக்கினால், 1990-களின் புதுக்கோட்டையைச் சொல்லுங்க.

1991-ல் அங்கே அறிவொளி இயக்கம் சூடுபிடித்தது. அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்துக்கொண்டார். குவாரித் தொழிலாளர்கள், கூலி வேலைக்குப் போகிறவர்கள், அங்கன்வாடி ஊழியர்கள், கிராமத்து நர்ஸுகள் என்று ஆயிரக்கணக்கில் பெண்கள் சைக்கிள் பழக ஆரம்பித்தார்கள். கேலி, கிண்டல், கெட்ட கெட்ட கமென்ட் எல்லாம் இருந்தது. அவர்கள் நிறுத்தவில்லை. 1992 மகளிர் தினத்தில் 1,500 பேருக்கும் மேல் ஹேண்டில் பாரில் கொடி கட்டி, மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டை டவுனைக் கலக்கினார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, பார் வைத்த ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கினார்கள். குழந்தையை முன்னால் உட்கார வைக்க அந்த பார் வசதி என்று பிறகு அதையே விரும்பிக் கேட்டவர்களும் உண்டு!

பத்திரிகையாளர் பி.சாய்நாத் அதை நேரில் பார்த்து எழுதியிருக்கிறார். அவர் கணக்குப்படி, ஒரு லட்சத்துக்கும் அதிகமான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பொது இடத்தில் நடந்த சைக்கிள் விழாக்களிலும் போட்டிகளிலும் கலந்துகொண்டார்கள். ஜெர்ஸி இல்லை, கியர் இல்லை, ஸ்பான்சர் இல்லை. புடவை, ஹவாய் செருப்பு, ஒரு சைக்கிள், அவ்வளவுதான்! அமெச்சூர் சைக்கிளிங்குக்கு இதைவிடப் பெரிய ஓப்பனிங் செரிமனி வேறெங்கே கிடைக்கும்?

மூன்றாவது கேட்: டாக்டர் சொல்லிட்டார்

ஞாயிறு கோஷ்டியில் அதிகம் காதில் விழுகிற காரணம் இதுதான். சுகர் எட்டிப் பார்க்குது, பி.பி. ஏறுது, ஓடினால் முழங்கால் வலிக்குது. டாக்டர் 'ஏதாவது பண்ணுங்க' என்று சொல்ல, அவர்கள் சைக்கிளைப் பிடித்தார்கள். உடம்பு எடையை சீட் தாங்குவதால் ஓட்டத்தில் வருகிற தடதட அடி முழங்காலுக்கு வராது. லாஜிக் சரிதான்.

ஆனால், சொன்ன டாக்டர்களே சைக்கிளைப் பிடித்தால்? 'ரேஸ் அக்ராஸ் அமெரிக்கா' என்று ஒரு கொலைகாரப் போட்டி இருக்கு. அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரை வரை சுமார் 4,800 கிலோமீட்டர். தனி ஆளாக ஓட்டினால் 12 நாள்தான் கெடு. 2015-ல் நாசிக்கைச் சேர்ந்த ஹிதேந்திர மகாஜன், மகேந்திர மகாஜன் என்கிற அண்ணன் தம்பி, இரண்டு பேர் டீமாக ஓட்டி முடித்தார்கள். ஒருவர் மயக்க மருந்து டாக்டர், இன்னொருவர் பல் டாக்டர். 2017-ல் ராணுவ டாக்டர் ஸ்ரீநிவாஸ் கோகுல்நாத், தனி ஆளாக இதை முடித்த முதல் இந்தியர் ஆனார். முந்தின வருஷம் முயற்சி பண்ணி, பாதியில் நின்றுபோனவர்தான் அவர். சில மணி நேரத்திலேயே பின்னால் வந்து முடித்தவர் நாக்பூரைச் சேர்ந்த அமித் சமர்த்.

அவரும் டாக்டர்தான்! நாலு பேருமே வேலைக்கு நடுவில் சைக்கிள் மிதித்தவர்கள். 'டைம் இல்ல மச்சி' என்று ஹாஸ்டல் கட்டிலில் புரளுகிற நாம், எந்த முகத்தை வச்சுக்கிட்டு அவர்களிடம் அதைச் சொல்றது?

நான்காவது கேட்: ஜெயிக்கவே தேவையில்லை!

'எனக்கு வேகமா ஓட்ட வராதுப்பா' என்கிறவர்களுக்காகவே ஒரு கேட் இருக்கு. பெயர் பி.ஆர்.எம். பாரிஸில் 1904-ல் பிறந்த ஒரு கிளப், உலகம் முழுக்க இதை நடத்த அனுமதி கொடுக்கிறது. நம்ம ஊர்களிலும் வருஷா வருஷம் நடக்கிறது.

ரூல் சிம்பிள். 200 கிலோமீட்டரை பதிமூன்றரை மணி நேரத்தில் முடிக்கணும். 300-க்கு 20 மணி, 400-க்கு 27 மணி, 600-க்கு 40 மணி நேரம். கையில் ஒரு அட்டை கொடுப்பார்கள். வழியில் குறிப்பிட்ட இடங்களில் சீல் வாங்கணும். சில இடங்களில் ஏ.டி.எம். சீட்டோ கடை பில்லோகூட சாட்சி. பின்னால் கார் வச்சு ஊட்டிவிட ஆள் வரக் கூடாது. பஞ்சரானால் நீங்களேதான் ஒட்டணும். முக்கியமான விஷயம், இதில் ஃபர்ஸ்ட் பிரைஸே கிடையாது! முதலில் வந்தவரும் கடைசி நிமிஷத்தில் வந்தவரும் ஒரே லிஸ்ட்டில்தான் இருப்பார்கள்.

கால்குலேட்டரை எடுங்க. 200-ஐ 13.5-ஆல் வகுத்தால்? மணிக்கு 15 கிலோமீட்டர்கூட வரலை. நாம ஸ்கூலுக்கு லேட்டானப்ப மிதிச்ச வேகம் இதைவிட ஜாஸ்தி. என்ன ஒண்ணு, இட்லி சாப்பிடுறது, பஞ்சர் ஒட்டுறது, மரத்தடியில் மல்லாந்து படுக்கிறது எல்லாமே அந்தக் கணக்குக்குள் அடக்கம். இங்கே தோற்கடிக்க வேண்டியது பக்கத்தில் வர்றவரை இல்லை. 'போதும், பஸ் ஏறிடலாம்' என்று 140-வது கிலோமீட்டரில் காதில் ஓதுகிற உங்க சொந்த மனசை!

நாலு தூரத்தையும் ஒரே சீசனில் முடித்தால் 'சூப்பர் ரேண்டனர்' பட்டம். அதுதான் பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் என்கிற 1,200 கிலோமீட்டர் திருவிழாவுக்கு நுழைவுச்சீட்டு. 1891-ல் ரேஸாக ஆரம்பித்தது. 1931-ல்தான் அமெச்சூர்களுக்கும் கதவு திறந்தது. நாலு வருஷத்துக்கு ஒரு முறை நடக்கும். 2023-ல் நடந்ததற்கு அடுத்தது 2027.

மலைதான் வேணும் என்றால் அதற்கும் ஆள் இருக்கு. 2008-ல் ஆரம்பித்த 'டூர் ஆஃப் நீலகிரிஸ்' ஒரு உதாரணம். மசினகுடியிலிருந்து ஊட்டிக்குப் போகும் கல்லட்டி ரோட்டில் 36 கொண்டை ஊசி வளைவுகள். பஸ்ஸில் போனாலே வயிற்றைப் பிசையும். அதில் மிதித்து ஏறுகிறார்கள், மக்களே!

'லட்ச ரூபாய் சைக்கிள் எங்கே போறது?'

இதுதானே அடுத்த கேள்வி? விளம்பரங்களில் வரும் கார்பன் ஃபிரேம் சைக்கிள்கள் லட்சங்களில் இருக்கு, உண்மைதான். ஆனால், ஆரம்பிக்க அது வேண்டாம். பழைய சைக்கிளை நல்ல மெக்கானிக்கிடம் கொடுத்து ஓவராயில் பண்ணச் சொல்லுங்க. வீல் கோட்டம் எடுத்து, பிரேக் கட்டை மாற்றி, செயினுக்கு ஆயில் விட்டால், வண்டி உங்களை மன்னிச்சுடும். கனம் அதிகம், கியர் இருக்காது. பரவாயில்லை, முதல் மூணு மாசத்துக்கு அது ஜிம்!

காசே செலவாகாத ஒரு ரகசியம், சீட் உயரம். நாம எல்லாரும் கால் தரையில் பதியணும் என்று சீட்டைத் தாழ்த்தியே ஓட்டுறோம். பத்து கிலோமீட்டரில் முழங்கால் கெஞ்சும். சீட்டில் உட்கார்ந்து, கீழே இருக்கிற பெடலில் குதிகாலை வையுங்க. கால் நேராக நீண்டால் அதுதான் உங்க உயரம். ஓட்டும்போது பாதத்தின் முன்பகுதியால் மிதியுங்க. முட்டி லேசாக மடங்கும். அவ்வளவுதான், புது சைக்கிள் வாங்கின மாதிரி இருக்கும்.

இன்ஜினீயரிங் மக்களுக்கு ஒரு போனஸ். காற்றின் எதிர்ப்பை வெல்ல ஆகும் பவர், வேகத்தின் மூன்றாம் அடுக்காக ஏறும். வேகத்தை டபுள் ஆக்கினால் எட்டு மடங்கு! அதனால்தான் அனுபவஸ்தர்கள் ஒருவர் பின்னால் ஒருவராக ஒட்டி ஓட்டுகிறார்கள். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் அரியர் வச்சவங்களுக்குக்கூட எதிர்காத்தில் இது ஒரே நாளில் புரிஞ்சுடும்.

பயம் இருக்கட்டும்... லைட்டும் இருக்கட்டும்

இந்த விளையாட்டுக்கு கிரவுண்டு கிடையாது. லாரியும் பஸ்ஸும் ஓடுகிற அதே ரோடுதான் மைதானம். இன்டெல் இந்தியாவின் முன்னாள் தலைவர் அவ்தார் சைனி, பென்டியம் பிராசஸர் உருவாக்கத்தில் பங்காற்றிய இன்ஜினீயர். 2024 பிப்ரவரியில் நவி மும்பையில் நண்பர்களோடு காலையில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தபோது, பின்னால் வந்த கார் மோதி இறந்துபோனார். அமெச்சூர் ரைடர்கள் வீட்டில், அம்மாக்கள் ஏன் வாசலிலேயே காத்திருக்கிறார்கள் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

அதனால் ஹெல்மெட், முன்னால் வெள்ளை லைட், பின்னால் சிவப்பு லைட், மினுங்கும் ஜாக்கெட். பி.ஆர்.எம்-மில் இரவு ஓட்ட இவை கட்டாயம். ஹீரோயிசம் காட்ட அங்கே இடமே இல்லை. காதில் ஹெட்போன் வேண்டாம். குழுவாகப் போங்க, வரிசையாகப் போங்க. நாளைக்கு நீங்க பைக்கோ காரோ ஓட்டும்போது, முன்னால் போகிற சைக்கிளுக்கு ஒரு கை தூரமாவது விட்டு ஓவர்டேக் பண்ணுங்க. அதுவும் இந்த விளையாட்டுக்கு நீங்க செய்கிற உதவிதான்.

ஏன் இப்பவே?

டீக்கடையில் கேட்ட கதைகளில் எல்லாம் ஒரு ஓட்டை இருந்துச்சு. ஸ்கூல் வரைக்கும் சைக்கிள். அப்புறம் காலேஜ், வேலை, கல்யாணம், இ.எம்.ஐ. நாற்பதை நெருங்கும்போது ஒரு ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட். அதுக்கப்புறம் மறுபடி சைக்கிள். நடுவில் இருபது வருஷம் காணோம்! அந்த ஓட்டை ஆரம்பிக்கிற இடத்தில்தான் இப்போ நாம நிற்கிறோம்.

நமக்கு டாக்டர் இன்னும் எதுவும் சொல்லலை. முட்டி வலி இல்லை. காலையில் ரெண்டு மணி நேரம் தாராளமாக் கிடைக்கும், தூக்கத்தில் கொஞ்சம் கடன் வாங்கினால் போதும். அந்த அங்கிள்கள் எதைத் தேடித் திரும்பி வந்தாங்களோ, அது நம்ம கையில் இன்னும் தொலையாமலே இருக்கு.

முதல் நாலு வாரம்... இப்படிப் போங்க!

* முதல் வாரம்: ஓவராயில், சீட் உயரம், ரெண்டு லைட், ஹெல்மெட். மூணு நாள், தினம் 5 கிலோமீட்டர்.
* இரண்டாவது வாரம்: காலேஜ் பக்கம்தான் என்றால் சைக்கிளிலேயே போங்க. கிண்டல் பண்றவனுக்கு ஒரு ரவுண்டு ஓட்டக் கொடுங்க, அடங்கிடுவான்.
* மூன்றாவது வாரம்: பஞ்சர் ஒட்டக் கத்துக்கோங்க. கடைக்காரர் அண்ணன்கிட்ட நின்னு கேட்டா சொல்லித் தருவார்.
* நான்காவது வாரம்: ஞாயிறு காலை, நாலு பேர் சேர்ந்து 25 கிலோமீட்டர். தண்ணீர் பாட்டில், கடலைமிட்டாய் மறக்காதீங்க. தாகம் எடுக்கும் முன்னாடியே குடிங்க, பசிக்கும் முன்னாடியே கடிங்க.

ஐந்தாவது வாரத்துக்கு பிளான் நாங்க சொல்ல மாட்டோம். அதை உங்க காலே சொல்லும்!