கறுப்புத் தொப்பிக் குருவி

கனடாவில் பனி கொட்டுற ராத்திரி. நாம ரெண்டு கம்பளிக்குள்ளயும் நடுங்குவோம். வெளியே மரப்பொந்துல, ஒரு கைக்குள்ள அடங்குற கறுப்புத் தொப்பிச் சிக்கடிக் குருவி என்ன செய்யும் தெரியுமா?

தன் உடம்புச் சூட்டையே சுமார் 10 டிகிரி வரைக்கும் குறைச்சுக்கும்! அடுப்பை சிம்ல வைக்கிறோமே, அதே கணக்குதான். பகல்ல தின்னு சேர்த்த கொழுப்புதான் அதுக்கு விறகு. விடியறப்போ அது அநேகமா தீர்ந்திருக்கும்.

அதனால டொரண்டோ பக்கம் சொந்தக்காரங்க இருந்தா சொல்லிவையுங்க: கறுப்புச் சூரியகாந்தி விதையும் மாட்டுக்கொழுப்புக் கட்டியும் சாயங்காலமே கொல்லையில தொங்கட்டும். ரொட்டித் துண்டு வேண்டாம், அதுல வயிறுதான் நிறையும், சூடு அவ்வளவா வராது. வெளிச்சம் வந்ததும் முதல் விருந்தாளி ஆஜர், கறுப்புத் தொப்பியோட!