நெய்வேலி டவுன்ஷிப்பில் கவுன்சிலிங் போனால் கம்பெனிக்குத் தெரிஞ்சுடுமா? மனநல ரகசியம் பற்றி சட்டம் சொல்வது என்ன?

நெய்வேலியில் பல குடும்பங்களுக்கு வேலை கொடுப்பதும், குவார்ட்டர்ஸ் கொடுப்பதும், ஆஸ்பத்திரி நடத்துவதும் ஒரே நிறுவனம்தான். 1956-ல் தொடங்கப்பட்டு இன்று என்எல்சி இந்தியா என்று அழைக்கப்படும் பொதுத்துறை நிறுவனம். சுரங்கத்தில் ஒன்றாக ஷிப்ட் பார்ப்பவர்கள் அதே வட்டத்தில் பக்கத்து வீட்டிலும் இருப்பார்கள். பிள்ளைகளும் ஒரே ஸ்கூல்.

இப்படிப்பட்ட ஊரில் ஒருவருக்குத் தூக்கம் வரவில்லை, மனசு சரியில்லை, குடியை விட முடியவில்லை என்றால் முதலில் வரும் கேள்வி "எந்த டாக்டரைப் பார்க்கலாம்?" என்பதல்ல. "ஓ.பி.யில என்னை யாராவது பார்த்துட்டா?", "ஃபைல் எச்.ஆர். கைக்குப் போயிடுமா?", "நாளைக்குப் பொண்ணு கல்யாணத்துக்கு விசாரிக்க வர்றவங்க காதுக்குப் போயிடுமா?" என்பதுதான். இந்தப் பயத்திலேயே பலர் சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறார்கள்.

உண்மையில் நீங்கள் தெரபிஸ்ட்டிடம் பேசியதை யாரெல்லாம் கேட்கலாம்? யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது? மீறினால் என்ன செய்யலாம்? பார்ப்போம்.

சட்டம் என்ன சொல்கிறது?

மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017, நாடு முழுக்க 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதன் 23-வது பிரிவு நேரடியாகவே சொல்கிறது: மனநலப் பாதிப்பு உள்ளவருக்குத் தன் நோய், சிகிச்சை, உடல்நிலை பற்றிய விவரங்கள் ரகசியமாக இருக்க வேண்டும் என்று கேட்கும் உரிமை உண்டு. சிகிச்சை தரும் எல்லா மருத்துவத் துறையினருக்கும் அதைக் காப்பது கடமை.

24-வது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. சிகிச்சையில் இருப்பவரின் போட்டோவையோ விவரத்தையோ அவர் சம்மதம் இல்லாமல் ஊடகங்களுக்குக் கொடுக்கக் கூடாது. கம்ப்யூட்டரில், ஆன்லைனில் சேமித்து வைத்த தகவலுக்கும் இதே ரகசிய உரிமை உண்டு. அதாவது, பிரிஸ்கிரிப்ஷனை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது "சும்மா ஷேர் பண்ணேன்" என்று சொல்லிவிட்டுப் போகிற விஷயம் இல்லை.

இதற்கெல்லாம் அடிப்படையாக, 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு புட்டசாமி வழக்கில், அந்தரங்கம் ஓர் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது.

யார் யாருக்கு இந்தக் கடமை?

* மனநல மருத்துவர்: 2017 சட்டத்தோடு, மருத்துவர்களுக்கான 2002 நன்னடத்தை விதிகளும் இவருக்குப் பொருந்தும். தொழிலில் தெரிந்துகொண்ட நோயாளியின் ரகசியத்தை வெளியிடுவது அந்த விதிகளின்படி தவறு.
* மருத்துவ உளவியலாளர்: இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும்.
* மனநல சமூகப் பணியாளர், மனநல செவிலியர்: மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்தவர்கள் மனநல நிபுணர் என்ற வரையறைக்குள் வருகிறார்கள்.
* சித்த மருத்துவர்: சிறப்பு மருத்துவத்தில் மேற்படிப்பு முடித்தவர்களையும் சட்டம் மனநல நிபுணராகவே பார்க்கிறது.

கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. சில வாரப் பயிற்சி முடித்து, எந்தக் கவுன்சிலிலும் பதிவு செய்யாமல் "கவுன்சிலர்" என்று போர்டு மாட்டியவர்களும் இருக்கிறார்கள். ரகசியம் காப்பது அவர்களுக்கும் தார்மீகக் கடமைதான். ஆனால் மீறினால் அவர்களை விசாரிக்க ஒரு கவுன்சில் இருக்காது. அதனால் முதலிலேயே பதிவு எண் கேட்பது நல்லது. அதில் தயக்கமே வேண்டாம்.

அப்படியானால் எப்போது வெளியே சொல்லலாம்?

ரகசியம் என்பது முழுப் பூட்டு இல்லை. 23-வது பிரிவே சில விதிவிலக்குகளைச் சொல்கிறது:

* சிகிச்சையில் பங்கெடுக்கும் மற்ற மருத்துவர்களிடம் சொல்லலாம்.
* நீங்கள் நியமித்த பிரதிநிதியிடம், அவர் தன் பொறுப்பைச் செய்யத் தேவையான அளவு சொல்லலாம்.
* வேறொருவரை ஆபத்திலிருந்து, வன்முறையிலிருந்து காப்பாற்றச் சொல்லலாம்.
* உயிருக்கு வரும் ஆபத்தைத் தடுக்கச் சொல்லலாம்.
* மனநல மறுஆய்வு வாரியம், உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் அல்லது சட்டப்படி அதிகாரம் உள்ள அமைப்பு உத்தரவிட்டால் கொடுக்கலாம்.
* பொதுமக்களின் பாதுகாப்புக்காகச் சொல்லலாம்.

இதில் முக்கியமான வார்த்தை "தேவையான அளவு". ஆபத்தைத் தடுக்க எவ்வளவு தெரிய வேண்டுமோ அவ்வளவுதான். "இவர் உயிருக்கு ஆபத்து இருக்கு, தனியா விடாதீங்க" என்று குடும்பத்திடம் சொல்லலாம். ஆறு மாதமாக அவர் பேசிய கதையை எல்லாம் சொல்லக் கூடாது.

"தற்கொலை எண்ணம் இருக்குன்னு சொன்னா போலீஸ் கேஸ் ஆகிடுமா?" என்ற பயமும் பலருக்கு இருக்கிறது. எண்ணத்தைச் சொல்வது குற்றமே இல்லை. முயற்சி செய்தவர்களைத் தண்டித்த பழைய ஐபிசி 309-வது பிரிவும், 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இல்லை.

சென்னையில் தொடங்கிய வழக்கு

டாக்டர் ரகசியத்தை எப்போது உடைக்கலாம் என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனதற்கு ஒரு சென்னை ஆஸ்பத்திரிதான் தொடக்கம். 1995-ல் நாகாலாந்து அரசுப் பணியில் இருந்த ஒரு மருத்துவர், உறவினரின் ஆபரேஷனுக்காக சென்னை வந்து ரத்தம் கொடுக்க முன்வந்தார். பரிசோதனையில் எச்ஐவி தொற்று தெரிந்தது. விஷயம் வெளியே போய், அவருக்கு நிச்சயிக்கப்பட்ட திருமணம் நின்றது. ஊரும் ஒதுக்கியது. அவர் ஆஸ்பத்திரி மீது வழக்குப் போட்டார்.

1998-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: நோயாளிக்கு ரகசிய உரிமை உண்டு, ஆனால் அது முழுமையானது அல்ல, மணப்பெண்ணின் உயிருக்கு ஆபத்து என்றால் அவரைக் காப்பதே பெரிது. பெயர் வெளியிடப்படாமல் "மிஸ்டர் எக்ஸ் வழக்கு" என்றே இது இன்றும் பேசப்படுகிறது.

இதே கேள்வியை அமெரிக்காவும் சந்தித்தது. 1969-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் படித்த ஓர் இந்திய மாணவர், ஒரு பெண்ணைக் கொல்லப்போவதாகத் தன் உளவியலாளரிடம் சொன்னார். உளவியலாளர் வளாக போலீஸிடம் தகவல் சொன்னார். போலீஸ் அவரைப் பிடித்து விசாரித்துவிட்டு விட்டுவிட்டது. அந்தப் பெண்ணிடம் யாரும் சொல்லவே இல்லை. அவர் கொல்லப்பட்டார். 1976-ல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம், ஆபத்தில் இருப்பவரைக் காக்க நடவடிக்கை எடுப்பதும் தெரபிஸ்ட்டின் கடமை என்றது.

ஆனால் இரண்டு வழக்குகளையும் கவனித்தால் ஒன்று புரியும். குறிப்பிட்ட ஒருவரின் உயிர் ஆபத்தில் இருந்ததால்தான் ரகசியத்தை உடைக்கலாம் என்றார்கள். "சம்பந்தி வீட்டார் கேட்டாங்க", "தெரிஞ்சவர்தானே" என்பதெல்லாம் காரணமே ஆகாது. டிப்ரெஷனுக்கு மாத்திரை சாப்பிடுவது யாருக்கும் தொற்றும் ஆபத்தும் இல்லை.

கம்பெனி கேட்டால்?

மேலே உள்ள பட்டியலை இன்னொரு முறை பாருங்கள். அதில் "வேலை கொடுத்தவர்" என்ற வார்த்தை கிடையாது. ஆஸ்பத்திரியை நடத்துவதும் சம்பளம் கொடுப்பதும் ஒரே நிறுவனம் என்பதால், ஆஸ்பத்திரி ஃபைல் எச்.ஆர். ஃபைல் ஆகிவிடாது. இது நெய்வேலிக்கு மட்டுமல்ல, ரயில்வே காலனி, துறைமுகக் குடியிருப்பு, எஸ்டேட் என எல்லா இடத்துக்கும் பொருந்தும்.

ஆனால் இரண்டு வகை சந்திப்பைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நீங்களாகச் சிகிச்சைக்குப் போவது ஒன்று. வேலைக்குத் தகுதியா என்று பார்க்க நிர்வாகம் அனுப்பும் மருத்துவப் பரிசோதனை இன்னொன்று. சுரங்கத் தொழிலாளர்களுக்கு இந்தப் பரிசோதனை சட்டப்படி கட்டாயம். அதன் முடிவு நிர்வாகத்துக்குப் போகத்தான் செய்யும். இங்கேயும் தொழில்சார் மருத்துவர்களுக்கான சர்வதேச நெறிமுறை ஒரு கோடு போடுகிறது: "இந்த வேலைக்குத் தகுதி", "இரவு ஷிப்ட் வேண்டாம்" என்ற முடிவை மட்டும் நிர்வாகத்திடம் சொல்லலாம். என்ன நோய், என்ன பேசினார் என்பது போகக் கூடாது.

உதாரணமாக, சுரங்கத்தில் பெரிய மண்வெட்டும் இயந்திரம் ஓட்டும் ஒருவருக்குத் தூக்கம் வரவைக்கும் மாத்திரை கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர் கவனம் தவறினால் கீழே நிற்பவர்களுக்கு ஆபத்து. நல்ல டாக்டர் முதலில் அவரிடமே பேசுவார். "ரெண்டு மாசம் மிஷின் வேலை வேண்டாம், நான் சர்டிஃபிகேட் தர்றேன்" என்பார். அவர் கேட்காமல் ஓட்டியே தீருவேன் என்றால்தான் மற்றவர் பாதுகாப்பு என்ற விதிவிலக்கு வரும். அப்போதும் "மிஷின் வேலைக்குத் தகுதி இல்லை" என்பது போதும்.

இன்னொரு நடைமுறை விஷயம். வெளியே தனியார் டாக்டரைப் பார்த்துவிட்டு அந்தச் செலவை கம்பெனியில் கிளெய்ம் செய்தால், பில்லும் பிரிஸ்கிரிப்ஷனும் பல மேஜைகளைத் தாண்டிப் போகும். அங்கே நோயின் பெயரைக் கொடுப்பது நீங்களேதான். கிளெய்ம் வேண்டுமா, அந்த விவரம் வெளியே போகாமல் இருக்க வேண்டுமா என்று முன்பே யோசித்து முடிவு செய்யுங்கள்.

பொதுத்துறை நிறுவனம் என்பதால் ஆர்டிஐ போட்டு யாராவது உங்கள் மருத்துவ ஃபைலை வாங்க முடியுமா? 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம், மருத்துவப் பதிவுகள், மனநிலை பற்றிய விவரங்கள் தனிப்பட்ட தகவல் என்று சொல்லிவிட்டது. சாதாரணமாகக் கொடுக்க மாட்டார்கள்.

தெரிந்துவிட்டால் வேலை போகுமா?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் மனநோயும் ஒரு குறைபாடாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. பணிக்காலத்தில் குறைபாடு வந்தால் அரசு நிறுவன ஊழியரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. பழைய வேலை முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலை தர வேண்டும் என்கிறது 20-வது பிரிவு. 2021 டிசம்பரில், மனநலப் பாதிப்பு இருந்த ஒரு மத்திய ரிசர்வ் போலீஸ் படை அதிகாரி மீதான ஒழுங்கு நடவடிக்கையை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இந்தப் பாதுகாப்பைக் கேட்க வேண்டும் என்றால் சான்றிதழை நீங்களே நீட்ட வேண்டும். அதாவது ரகசியத்தை நீங்களே திறக்க வேண்டும். எப்போது, எவ்வளவு என்பது உங்கள் முடிவு. ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு இந்த வேலைப் பாதுகாப்பைப் பெறுவது கஷ்டம். ஆனால் ரகசிய உரிமையில் நிரந்தரம், ஒப்பந்தம் என்ற வித்தியாசமே கிடையாது.

குடும்பத்துக்குச் சொல்லலாமா?

18 வயது நிரம்பிய யாரும் ஒரு வெள்ளைத்தாளில் எழுதி, கையெழுத்தோ கைரேகையோ வைத்துத் தன் பிரதிநிதியை நியமிக்கலாம். அவரும் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். நியமிக்காமல் விட்டால், அந்த இடம் உறவினர் ஒருவருக்குப் போகலாம். அது நீங்கள் நம்பும் உறவினராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதனால் இந்த ஒரு தாளை எழுதி வைப்பது நல்லது.

18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் அல்லது சட்டப்படியான பாதுகாவலர்தான் பிரதிநிதி. குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரியவந்தால் தெரபிஸ்ட் ரகசியம் காக்க முடியாது. போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவுப்படி புகார் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாவிட்டால் 6 மாதம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும்.

கோர்ட்டில் கேட்டால்?

வக்கீலிடம் கட்சிக்காரர் பேசியதற்குச் சாட்சியச் சட்டத்தில் தனிப் பாதுகாப்பு உண்டு. நம் நாட்டில் தெரபிஸ்ட்டுக்கு அது இல்லை. விவாகரத்து, குழந்தை யாரிடம் இருப்பது போன்ற வழக்குகளில் நீதிபதி உத்தரவிட்டால் பதில் சொல்ல வேண்டும். ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல் போன் செய்து கேட்டதற்காக ஃபைலைத் தூக்கிக் கொடுக்கக் கூடாது.

மீறினால் எங்கே போவது?

* முதலில் ஆஸ்பத்திரியின் பொறுப்பு மருத்துவரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். சரியாகவில்லை என்றால் மனநல மறுஆய்வு வாரியம், அதன் பிறகு மாநில மனநல ஆணையம்.
* டாக்டர் மீது என்றால் தமிழ்நாடு மருத்துவ கவுன்சில். மருத்துவ உளவியலாளர் மீது என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சில்.
* 2017 சட்டத்தை மீறினால் முதல் முறை 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். மறுபடி செய்தால் 2 ஆண்டு வரை சிறை அல்லது 50,000 முதல் 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும்.
* நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். "கம்பெனி ஆஸ்பத்திரியில காசே கட்டலையே" என்று நினைக்க வேண்டாம். பணி நிபந்தனையின் பகுதியாக முதலாளி ஏற்கும் சிகிச்சை இலவச சேவை ஆகாது என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

முதல் நாளே கேளுங்கள்

1. உங்கள் பதிவு எண் என்ன?
2. நான் பேசுவதை எங்கே, எப்படிக் குறித்து வைப்பீர்கள்? அதை யார் பார்க்கலாம்?
3. எந்த நிலைமையில் வெளியே சொல்வீர்கள்? சொல்லும் முன் எனக்குச் சொல்வீர்களா?
4. நீங்கள் எனக்காகப் பார்க்கிறீர்களா, நிர்வாகத்துக்காகப் பார்க்கிறீர்களா?

நாலாவது கேள்விதான் நெய்வேலி மாதிரி ஊரில் மிக முக்கியம். இதற்கு நேரான பதில் சொல்லும் தெரபிஸ்ட்டிடம் மனம்விட்டுப் பேசலாம். ஊருக்குள் பார்ப்பது சங்கடமாக இருந்தால் கடலூர் அரசு தலைமை மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர் இருக்கின்றன. எங்கும் போக முடியாத நிலை என்றால் போனிலேயே பேசலாம்: மனநல உதவிக்கு 14416, தமிழக அரசின் சுகாதார உதவிக்கு 104. அழைப்பு இலவசம். இரவு ஷிப்ட் முடிந்து வந்த பிறகும் பேசலாம்.