குறுக்குவழி விசைகள்

கணினியில் பல்லாண்டு பழகியவர்களுக்கு நகலெடுக்கவும் ஒட்டவும் சொல்லித் தருவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதை ஒக்கும். கண்ட்ரோல் விசையோடு சி, வி என்னும் விசைகளை அழுத்துவதை அவர்களுடைய விரல்கள் தாமாகவே செய்யும். ஆயினும் அவ்வளவோடு நின்றுவிட்டவர்களே நம்மில் மிகுதி. தில்லியிலும் புனேயிலும் கொல்கத்தாவிலும் பகல் முழுதும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுதிவிட்டு, மாலையில் ஊருக்குத் தமிழில் நான்கு வரி எழுத அமரும் நேயர்களை மனத்திற்கொண்டு சில குறுக்குவழிகளை இங்கே கூறுகிறோம்.

மொழிபெயர்ப்பு அலுவலில் நாம் கண்ட அளவில், காலத்தை விழுங்குவது தட்டச்சின் மந்தம் அன்று. கை விசைப்பலகையை விட்டுச் சுட்டியைத் தேடிச் செல்கிறது. அதற்குள் மனத்தில் உருவான வாக்கியம் அறுந்து போகிறது. மொழி மாற்றும் இடத்தில்தான் இது பெரிதும் நேர்கிறது. திரையின் மூலையிலுள்ள சிறு குறியைச் சுட்டியால் தேடிச் சலித்துத்தான், பலர் தமிழையே ஆங்கில எழுத்துகளில் எழுதத் தலைப்படுகின்றனர். விண்டோஸ் விசையை அழுத்தியவாறு இடைவெளி விசையை ஒருமுறை தட்டினால் போதும். நிறுவியுள்ள மொழிகள் ஒன்றன்பின் ஒன்றாக மாறும். தமிழுக்கு மாறிய பின்னரும் கண்ட்ரோல் சேர்ந்த குறுக்குவழிகள் யாவும் ஆங்கில விசைகளின் இடத்திலேயே இயங்கும். வெட்டவும் ஒட்டவும் மீண்டும் ஆங்கிலத்துக்குத் திரும்ப வேண்டுவதில்லை.

பிற மாநிலங்களில் வாழ்வோருக்கு இன்ஸ்கிரிப்ட் என்னும் விசை அமைப்பு தனிப் பயன் உடையது. 1991-ஆம் ஆண்டின் இந்தியத் தர ஆவணம் ஐ.எஸ். 13194-இல் இடம்பெற்ற இவ்வமைப்பு, இந்திய மொழிகளின் எழுத்துகளை ஒலி முறையில் அடுக்கியுள்ளது. உயிரும் உயிர்க்குறிகளும் இடக்கைப் பக்கம். மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். ஆங்கிலக் கே விசை தமிழில் ககரத்தைத் தரும். இந்தியிலும் வங்காளத்திலும் கன்னடத்திலும் அதே விசை அவ்வம்மொழியின் ககரத்தையே தரும். அலுவலகத்தில் இந்திக்கென இதனைப் பழகியவர் தமிழையும் ஏறக்குறைய முழுதும் பழகிவிட்டார் என்றே சொல்லலாம். புதிதாக நினைவில் இருத்த வேண்டியவை சிலவே: ஷிப்ட் விசையோடு பி அழுத்தினால் ழகரம், என் அழுத்தினால் ளகரம், ஜே அழுத்தினால் றகரம், வி அழுத்தினால் னகரம். 1999-இல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 முறையில் கை பழகியோர் அதனை விட்டு வர வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. தமிழ் மட்டுமே எழுதுவோர்க்கு அது விரைவானது.

திருத்துவதில் ஒரு நுட்பம் உண்டு. ‘கோ’ என்னும் எழுத்துக்குப் பின் நின்று பின்னழிப்பு விசையைத் தட்டினால், பெரும்பாலான மென்பொருள்களில் ஓகாரக் குறி மட்டும் நீங்கிக் ககரம் எஞ்சும். எழுத்துக்கு முன் நின்று டிலீட் விசையைத் தட்டினாலோ எழுத்து முழுதும் போய்விடும். உயிர்க்குறி ஒன்றே பிழையெனில் முன்னதே ஏற்றது. முழுச் சொல்லையும் நீக்கக் கண்ட்ரோலோடு பின்னழிப்பு விசை. ஷிப்டோடு எஃப்3 ஆங்கிலத்தில் சிற்றெழுத்தைப் பேரெழுத்தாக்கும். அந்தத் தொல்லை தமிழுக்கு இல்லை.

நீண்ட ஆவணத்தை மறுநாள் வேர்டில் திறந்ததும் ஷிப்டோடு எஃப்5 அழுத்தினால், முன்னர் விட்ட இடத்துக்கே அது கொண்டு சேர்க்கும். நாற்பது பக்க அறிக்கையில் இதன் அருமை தெரியும்.

இறுதியாக, விண்டோஸ் விசையோடு வி. 2018-ஆம் ஆண்டு விண்டோஸ் 10-இல் சேர்ந்த இவ்வசதி, கடைசியாக நகலெடுத்த 25 பகுதிகள் வரை நினைவில் வைத்து, வேண்டியதைத் தெரிந்து ஒட்டவிடுகிறது. முதன்முறை அழுத்தும்போது இதனை இயக்கிக்கொள்ள வேண்டும். மூலத்திலிருந்து பெயர், தேதி, தொகை ஆகியவற்றை ஒருங்கே எடுத்துக்கொண்டு மொழிபெயர்ப்புக்கு வரலாம். இரு சாளரங்களுக்கிடையே பத்துமுறை அலைய வேண்டுவதில்லை. எச்சரிக்கை ஒன்று: நகலெடுத்த கடவுச்சொல்லும் வங்கிக் கணக்கு எண்ணும் அப்பட்டியலில் தங்கக்கூடும். பலர் பயன்படுத்தும் கணினியாயின் எழுமுன் அப்பட்டியலை அழித்துவிடுங்கள். கணினியை நிறுத்தித் தொடங்கினால் அது தானே வெறுமையாகும். ஊசி குத்தி நிலைநிறுத்தியவை மட்டும் அப்போதும் எஞ்சியிருக்கும்.