அடிச்சாம்பல் நோயும் மருந்து படாத கொடியும்

தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் பந்தலிட்டு வளர்க்கப்படுவதும், 2023இல் புவிசார் குறியீடு பெற்றதுமான பன்னீர் திராட்சைக்கு ஈரக்காலத்தில் பெருங்கேடு விளைவிப்பது அடிச்சாம்பல் நோய் ஆகும். இலையின் மேற்புறத்தில் எண்ணெய் பட்டாற்போன்ற மஞ்சள் திட்டுகளும், அவற்றுக்கு நேர் அடியில் வெண்ணிறப் பூசணமும் தோன்றி, இலைகள் உதிர, பூங்கொத்துகளும் பிஞ்சுகளும் காய்ந்து போகின்றன. இதனை உண்டாக்கும் பிளாஸ்மோபாரா விட்டிகோலா, பூஞ்சையைப் போலத் தோன்றினும் உண்மைப் பூஞ்சையன்று. செல்சுவரில் செல்லுலோஸைக் கொண்டு, ஈர இலையின் மேல் நீந்தும் வித்துகளால் தொற்றும் ஊமைசீட் என்னும் தனி வகையைச் சேர்ந்தது. ஆகவே, உண்மைப் பூஞ்சையால் வரும் சாம்பல் நோயை அடக்கும் ட்ரையசோல் மருந்துகள் இதற்குப் பயன்படுவதில்லை.

எம்மருந்து பயன்படும் என்பதைக் காட்டிய முதல் சான்று தற்செயலாகக் கிடைத்தது. வட அமெரிக்காவிலிருந்து 1870களின் இறுதியில் இந்நோய் பிரான்சுக்குள் நுழைந்தது. 1882இல் மெடோக் பகுதியில், வழிப்போக்கர் பழம் பறிக்காதிருக்கும் பொருட்டு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளிக்கப்பட்ட சாலையோரக் கொடிகள் மட்டும் இலை உதிராமல் நின்றதைத் தாவரவியலாளர் பியர் மில்லார்டே கண்டு, ஆராய்ந்து, 1885இல் போர்டோ கலவையை அறிவித்தார். அருகே தெளிக்கப்படாத வரிசைகள் இல்லாதிருந்தால் அவ்வேறுபாடு புலப்பட்டிராது.

இன்றைய வயற்சோதனையும் அந்த ஒப்பீட்டையே முறைப்படுத்துகிறது. தோட்டம் பல தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு தொகுதியிலும் எல்லா மருந்துகளுக்கும், மருந்தே படாத ஒப்பீட்டுக் கொடிகளுக்கும் சீட்டுக் குலுக்கியதுபோல் இடம் ஒதுக்கப்படுகிறது. நிழலோ ஈரமோ ஒரு மருந்துக்கு மட்டும் சாதகமாகாமல் இது தடுக்கிறது. கவாத்துக்குப் பின் குறித்த இடைவெளிகளில் மருந்து தெளித்து, இலைகளை எண்ணி, நோய் படர்ந்த பரப்புக்கேற்ப ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் இட்டு, அவற்றின் கூட்டுத்தொகையை, எல்லா இலைகளும் உச்ச மதிப்பெண் பெற்றால் வரும் தொகையால் வகுத்து, நூறால் பெருக்கினால் நோய்க்குறியீடு கிடைக்கிறது.

நோயை அடக்குவது மட்டும் போதாது. இலை கருகுகிறதா, விளைச்சல் உயர்கிறதா, அறுவடையின்போது பழத்தில் மருந்தின் எச்சம் எவ்வளவு என்பனவும் அளக்கப்படுகின்றன. அடிச்சாம்பல் நோய்க்கான மெட்டலாக்சில் மருந்தைத் தாங்கும் நோய்க்கிருமிகள் 1980களின் தொடக்கத்திலேயே ஐரோப்பாவில் தோன்றியதால், ஒருமுறை தேறிய மருந்தையும் மீண்டும் சோதிக்க வேண்டியுள்ளது. மழை குறைந்த பருவத்தில் மருந்து படாத கொடிகளும் நலமாகவே இருக்குமாதலால், அப்பருவத்துச் சோதனையிலிருந்து மருந்தின் திறனை அறிய இயலாது. எனவே ஒரு பருவத்தின் முடிவை மட்டும் நம்பி எம்மருந்தையும் உழவர்க்குப் பரிந்துரைத்தல் முறையன்று.